குளிர்பெட்டிக்குள் கொட்டும் கோடிகள்

"குவாண்டம்" என்னும் சொல் இன்று பெங்களூரில் படும் பாடு கொஞ்சமன்று. பிளாங்க்கும் ஷ்ராடிங்கரும் டிராக்கும் பழக்கிவைத்த சொல் அது. பௌதிக வகுப்பின் கரும்பலகையிலே, சமன்பாடுகளுக்கு நடுவே, அடக்கமாகக் குடியிருந்தது. இன்றோ அமைச்சர் பெருமக்களின் மேடை ஏறிவிட்டது. நாளிதழ்களின் வாணிபப் பக்கத்திலே இடம் பிடித்துவிட்டது. பங்குத் தரகர் அதைப் பேசுகிறார். நிலத் தரகர் அதைப் பேசுகிறார். எசரகட்டாப் பக்கம் மனை வாங்கலாமா என்று கேட்பவர்கூட அதைத்தான் பேசுகிறார். அதை முறையாகக் கற்கிற மாணவர் கூட்டம் மட்டும் வாய் திறவாதிருக்கிறது. நம் சங்க இதழிலே இலக்கியத்துக்கு இடமுண்டு, அரசியலுக்கு இடமுண்டு. விஞ்ஞானத்துக்கும், விஞ்ஞானத்தைச் சுற்றிப் பறக்கும் பணத்துக்கும் இடம் வேண்டாமா? அந்த உரிமையிலேதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பணத்தின் அளவைப் பார்ப்போம். 2023 ஏப்ரல் 19ஆம் நாள் மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2023-24 முதல் 2030-31 வரை, எட்டாண்டுக் காலத்துக்கு 6,003 கோடியே 65 லட்சம் ரூபாய். அந்தக் காலத்துக்குள் ஐம்பது முதல் ஆயிரம் கியூபிட் வரை கொண்ட கணிப்பொறிகளை ஆக்கிவிட வேண்டும் என்பது குறிக்கோள்களுள் ஒன்று. இதற்கென நான்கு நடுவங்கள் அமைந்தன. கணிப்பொறிக்கு இவ்வூர் இந்திய விஞ்ஞானக் கழகம். செய்தித் தொடர்புக்கு நம் சென்னை ஐ.ஐ.டி.; நுண்ணுணர் கருவிகளுக்குப் பம்பாய்; பொருள்களுக்கும் சாதனங்களுக்கும் டெல்லி. மத்திய அரசு இவ்வளவு செய்தால் மாநிலங்கள் சும்மா இருக்குமா? 2025 ஜூலை இறுதியில் பெங்களூரில் கூடிய குவாண்டம் மாநாட்டிலே, கர்நாடகத்தின் பங்காக ஆயிரம் கோடி ரூபாய் என்றும், 2035ஆம் ஆண்டுக்குள் 2,000 கோடி டாலர் அளவுக்குக் குவாண்டம் பொருளாதாரம் என்றும் முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். எசரகட்டாவிலே ஆறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம் "குவாண்டம் நகர"த்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆந்திரமோ அமராவதியில் ஒரு "குவாண்டம் பள்ளத்தாக்கு" என்றும், அங்கே ஐ.பி.எம். நிறுவனத்தின் 156 கியூபிட் கணிப்பொறி என்றும் அதே ஆண்டில் பறைசாற்றியது. மனிதர்க்குப் பள்ளத்தாக்கு என்றால் ஏனோ ஒரு மயக்கம். கலிபோர்னியாவில் ஒன்று இருப்பதால் வந்த வினை.

தனியார் கதையும் உண்டு. 2019இல் பெங்களூரில் தோன்றிய க்யூபிஐஏஐ என்னும் நிறுவனம் 2025 ஏப்ரலில் 25 கியூபிட் கொண்ட "இண்டஸ்" என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அடுத்த ஜூலையில் 3 கோடியே 20 லட்சம் டாலர் முதலீடு பெற்றது. அந்தப் பணத்தைக் கொடுப்பதிலே முன்நின்ற இருவருள் ஒருவர் தேசிய குவாண்டம் திட்டமே என்பதை மறந்துவிடாதீர்கள். அஃதாவது, உங்கள் வரிப்பணமும் என் வரிப்பணமும் அங்கே ஏற்கெனவே பங்குதாரர்கள். எனவே, இதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டா என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

நிற்க. இந்தப் பொறி உண்மையில் என்னதான் செய்யும்?

சாதாரணக் கணிப்பொறியின் பிட் ஒரு வாசற்கதவு போன்றது. திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். கியூபிட்டோ அளக்கும் வரையில் இரு நிலைகளின் கலவையாய் இருக்கவல்லது. இதைக் கேட்டவுடன், "ஆகா, எல்லா விடைகளையும் ஒரே நொடியில் பார்த்துவிடும்!" என்று எழுதுகோல் பிடித்தவரெல்லாம் எழுதிவிடுகிறார்கள். அது பிழை. அளக்கும்போது கிடைப்பது ஒரே ஒரு விடை. குளத்திலே இரண்டு கல் எறிந்தால் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று தூக்கிவிடும், சில இடங்களில் ஒன்றையொன்று தணித்துவிடும் அன்றோ? அதுபோல, பிழையான விடைகளின் அலைகள் தணிந்து சரியான விடையின் அலை ஓங்கும்படி கணக்கை அமைக்க வேண்டும். அப்படி அமைக்க இடங்கொடுக்கும் கணக்குகள் எல்லாமல்ல, சிலவே. 1994இல் பீட்டர் ஷோர் அத்தகைய ஒன்றைக் கண்டார்: பேரெண்களைக் காரணிப்படுத்துதல். 1996இல் குரோவர் மற்றொன்றைக் கண்டார்: பெருங்குவியலில் ஒன்றைத் தேடுதல், ஆனால் அதிலே கிடைக்கும் இலாபம் ஷோருடையதைப் போல மலையன்று, மேடு. மூலக்கூறுகளின் இயல்பைக் கணக்கிடுவது மூன்றாவது. 1981இல் ஃபைன்மன் கனவு கண்டது அதைத்தான். சம்பளப் பட்டியல் போடவும், ரயில் சீட்டுப் பதியவும், இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்யவும் குவாண்டம் கணிப்பொறியால் ஒரு பயனும் இல்லை. "எல்லாத் தொழிலும் தலைகீழாகும்" என்று சொல்பவர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்.

பொறி இருக்கும் இடமோ விசித்திரமானது. மீக்கடத்திச் சுற்றுகளால் ஆன கியூபிட்டை, முழுப்பூச்சிய வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரியின் நூறில் ஒரு பங்கு, இரு பங்கு என்ற அளவிலே வைத்திருக்க வேண்டும். விண்மீன்களுக்கு இடையிலுள்ள வெட்டவெளியின் குளிர்கூட 2.7 டிகிரி, அதனினும் நூறு மடங்குக்கு மேல் குளிர்ந்தது இந்தப் பெட்டி. ஹீலியம்-3, ஹீலியம்-4 என்னும் இரண்டின் கலவையைச் சுழலவிட்டு அந்தக் குளிரைப் பெறுகிறார்கள். இவ்வளவு செய்தும் கியூபிட் தவறு செய்கிறது. மிக நல்ல பொறியில்கூட இரு கியூபிட்டுகளைச் சேர்த்துச் செய்யும் செயலில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலே பிழை விழுகிறது. பயனுள்ள கணக்குக்கோ கோடிக்கணக்கான செயல்கள் வேண்டும். ஆயிரம் இழைக்கு ஓரிழை அறுகிற பாவை வைத்துக்கொண்டு ஜமக்காளம் நெய்ய முடியுமா? பவானியில் பிறந்த எனக்கு அந்த உவமைதான் முன்வருகிறது.

இதற்கும் வழி தோன்றியிருக்கிறது. 2024 டிசம்பரில் கூகிள் நிறுவனம் 105 கியூபிட் கொண்ட "வில்லோ" சில்லை அறிவித்தது. பல கியூபிட்டுகளைக் கட்டாகக் கட்டி ஒரே கியூபிட் போல் நடத்துவது அவர்கள் முறை. மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு என்று கட்டைப் பெருக்கப் பெருக்க, பிழை ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதுவரை, கட்டு பெருத்தால் பிழையும் பெருத்துவிடும் என்பதே கவலை. பத்திரிகைகள் இந்தச் செய்தியை விட்டுவிட்டு, "பிரபஞ்சத்தின் வயதையும் மிஞ்சிய கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டன. அந்தக் கணக்கு சோதனைக்கென்றே ஆக்கப்பட்ட கணக்கு. அதன் விடை எவருக்கும் வேண்டியதில்லை. உண்மையான அற்புதம் ஏழுக்கு ஏழில் இருந்தது.

அதற்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்கச் சந்தையில் குவாண்டம் நிறுவனப் பங்குகள் விண்ணில் ஏறின. அயான்க்யூ என்னும் நிறுவனத்தின் மதிப்பு ஆயிரம் கோடி டாலர் அளவுக்கு உயர்ந்தது. 2024ஆம் ஆண்டு முழுவதிலும் அதன் வருமானம் 4 கோடியே 31 லட்சம் டாலர்! இலாபமன்று, வருமானம். 2025 ஜனவரியில் என்விடியா நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங், மிகப் பயனுள்ள குவாண்டம் கணிப்பொறி வரப் பதினைந்தாண்டு என்றால் அது சீக்கிரம், முப்பதாண்டு என்றால் தாமதம், இருபது என்றால் பலர் நம்புவர் என்ற பொருளிலே பேசினார். மறுநாளே அந்தப் பங்குகள் நூற்றுக்கு நாற்பது அளவிலே சரிந்தன. சில மாதங்களில் அவரே தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். பங்குகள் மீண்டும் ஏறின. ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பிகூட இடம் மாறவில்லை. ஒரு மனிதரின் நாவசைவில் நாற்பது விழுக்காடு போய் வருகிறதென்றால், அங்கே விலை பேசப்படுவது விஞ்ஞானமா, வாய்ச்சொல்லா?

இதை நான் எங்கோ அமெரிக்காவில் நடக்கும் வேடிக்கையாக எழுதவில்லை. சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் மாமா என்னை அழைத்து உட்காரவைத்து, "ஏங்கண்ணு, உன்ற படிப்பு அந்தக் குவாண்டந்தானே? அதுல ஒரு லட்சம் போட்டு வெச்சா அஞ்சு வருசத்துல எவ்வளவு ஆகுமுங்கறே?" என்று கேட்டார். கைபேசியிலே யாரோ பேசிய படம் ஒன்றைக் காட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பின்கட்டில் இன்னமும் கிடக்கிற கம்பிவலைச் சுருளையும் பார்த்தேன்.

அந்தக் கம்பிவலை ஈமு கோழிக்காக வாங்கியது. கொங்கு நாட்டுத் தோழர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பெருந்துறை வட்டாரத்திலே, பணம் கட்டினால் பறவை தருவோம், வளர்ப்புக் கூலி தருவோம், திரும்பவும் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று பண்ணைகள் கிளம்பின. 2012 ஆகஸ்டில் நொடித்தன. எனக்கு அப்போது பத்து வயது. மாமாவின் தோட்டத்தில் நெடுங்கழுத்தை நீட்டிக்கொண்டு தீவனத்துக்குத் தவித்த அந்தப் பறவைகளின் நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. ஈமு பொய்ப் பறவையன்று! அதன் எண்ணெய் உண்மை, தோல் உண்மை, முட்டை உண்மை. பொய்யாய்ப் போனது எது? அவற்றை வாங்குபவன். புதிதாகப் பணம் கட்டியவரே பழையவருக்கு வாடிக்கைக்காரர் ஆனார்.

ஆகவேதான், "குவாண்டம் உண்மையா, பொய்யா?" என்ற வினா எனக்குப் பயனற்றதாகத் தோன்றுகிறது. உண்மைதான். அதன் பௌதிகத்துக்கு 2025ஆம் ஆண்டு நோபெல் பரிசே கிடைத்தது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய மின்சுற்றிலே குவாண்டம் விளைவைக் காட்டிய கிளார்க், டெவோரே, மார்டினிஸ் மூவரும் பெற்றார்கள். கேட்க வேண்டிய வினா வேறு: வாங்குபவன் யார்?

இந்த வினாவுக்கு விடை கண்டு முதலீடு செய்தவர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். காவிரி அங்கே குதித்துவிட்டுத்தான் எங்கள் பவானிக்கு வருகிறது. 1902இல் மைசூர் அரசு அங்கே மின் நிலையம் அமைத்தது. நீராற்றலில் மின்சாரம் எடுப்பது அன்று உலகுக்கே இளம் நுட்பம். இயந்திரங்களை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் வாங்கினார்கள். ஏறத்தாழ 90 மைல் தூரம் கம்பி இழுத்தார்கள். திவான் சேஷாத்திரி ஐயர் துணிந்து ஆதரித்த திட்டம் அது. அது முடிவதைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. இவ்வளவு பணத்தை எந்த நம்பிக்கையில் கொட்டினார்கள்? கம்பியின் மறுமுனையிலே கோலார் தங்கச் சுரங்கம் இருந்தது. நிலக்கரிக்கும் விறகுக்கும் அழுது மாளாத சுரங்கத்தார் மின்சாரத்தை விலைகொடுத்து வாங்கக் காத்திருந்தார்கள். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905இல். முதலில் வாடிக்கைக்காரன், அப்புறம் வாணவேடிக்கை. இன்று நமக்கோ முதலில் வாணவேடிக்கை நடக்கிறது.

அப்படியானால் குவாண்டத்துக்குக் கோலார் எங்கே? தேடினால் ஒன்று உடனே அகப்படுகிறது. அது வேடிக்கையான ஒன்று. குவாண்டம் கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே அதைக் கண்டு அஞ்சுபவர்கள்தாம் அதன் முதல் வாடிக்கைக்காரர்கள்! நம் வங்கிச் செய்திகளும் அரசின் மறைவான செய்திகளும் பெரும்பாலும் ஆர்.எஸ்.ஏ. போன்ற பூட்டுகளால் காக்கப்படுகின்றன. பேரெண்ணைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதே அந்தப் பூட்டின் பலம். ஷோரின் முறை அதை உடைக்கும். 2048 பிட் பூட்டை உடைக்க இரண்டு கோடி கியூபிட்டும் எட்டு மணி நேரமும் வேண்டும் என்று 2019இல் கணக்கிட்டார்கள். அதே ஆய்வாளர்களுள் ஒருவரான கிரெய்க் கிட்னி 2025 மே மாதத்தில், பத்து லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டும் ஒரு வாரத்துக்குட்பட்ட காலமும் போதும் என்று காட்டினார். பொறி வளர்ந்ததால் குறைந்த எண்ணன்று இது. கணித மூளையால் குறைந்த எண். இன்றுள்ள பொறிகளோ நூறுகளிலும், மிஞ்சினால் ஆயிரத்தை ஒட்டியும் நிற்கின்றன. இன்னும் தொலைவுதான். ஆனால், பகைவன் இன்றே கதிரை அறுத்துப் போரடுக்கி வைத்துவிட்டு, பொறி வந்தபின் அடித்துக்கொள்ளலாமே! இருபதாண்டு மறைவாயிருக்க வேண்டிய செய்திக்கு இன்றே ஆபத்து உண்டு.

ஆகவே பூட்டை மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் புதிய பூட்டுகளுக்கு மூன்று தரங்களை வெளியிட்டது. பழைய பூட்டை 2035க்குப் பின் அறவே விலக்குவது என்று அதன் வரைவுத் திட்டம் சொல்கிறது. வங்கி வங்கியாக, அலுவலகம் அலுவலகமாக, எங்கெங்கே பழைய பூட்டு தொங்குகிறது என்று தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். இதற்குக் குளிர்பெட்டி வேண்டாம், ஹீலியம் வேண்டாம். கணிதம் தெரிந்த, பொறுமையுள்ள மென்பொருளாளர் வேண்டும். அவர்கள் எந்த ஊரில் மிகுதி என்று நான் சொல்ல வேண்டுமா? பெங்களூர்த் தொழிலுக்குக் குவாண்டத்தால் வரும் முதல் உறுதியான வருவாய் இதுவே என்பது என் கருத்து. இன்னொரு வகைப் பூட்டும் உண்டு. ஒளித்துகள்களைக் கொண்டே சாவியைப் பகிர்ந்துகொள்வது. இடையில் எவன் எட்டிப்பார்த்தாலும் தடம் தெரிந்துவிடும். 2016இல் சென்னை ஐ.ஐ.டி.யில் கருக்கொண்டு பெங்களூரில் வளர்ந்த க்யூநூ நிறுவனம் இதைச் செய்கிறது. 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு அது செய்த கருவியைக் குறித்து 2022இல் பாதுகாப்பு அமைச்சகமே செய்தி வெளியிட்டது. இங்கே வாங்குபவன் இருக்கிறான். சீருடை அணிந்து நிற்கிறான்.

உரம், மருந்து, மின்கலம் ஆகியவற்றுக்கான மூலக்கூறுக் கணக்குகள் இரண்டாவது சந்தை. அவரைச் செடியின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணின் சூட்டிலேயே உரமாக்குகிறது. நாமோ உரத் தொழிற்சாலையில் பெருஞ்சூட்டிலும் பேரழுத்தத்திலும் அதையே செய்து, உலகத்து ஆற்றலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைச் செலவிடுகிறோம். அந்த நொதியின் உட்கருவைக் கணக்கிட்டு அறிவது இன்றைய கணிப்பொறிகளுக்கு எட்டாக்கனி. நாளைய குவாண்டம் பொறிக்கு எட்டலாம். தஞ்சைத் தரணிக்கு அது என்ன பொருளாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அதற்கு நாள் குறிக்க நான் சோதிடனல்லன்.

இனி, அரசுப் பணம். அதைக் கொட்டுவது தவறென்று நான் சொல்லமாட்டேன். இருபதாண்டுக்குப் பின் விளையும் பயிருக்கு அரசுதான் விதை நெல் கொடுக்க வேண்டும். மாமாவின் ஒரு லட்சம் அதற்குரியதன்று. எங்கே கொட்டுகிறோம் என்பதே கேள்வி. கரும்பலகைக் குவாண்டத்தில் நாம் எவர்க்கும் பின்தங்கியவரல்லர். 1962இல் அல்லாடி இராமகிருஷ்ணன் சென்னையில் தொடங்கிய கணித விஞ்ஞானக் கழகத்திலிருந்து, ஒளிக்கற்றைகளின் குவாண்டம் பிணைப்பை அறியும் அளவுகோல் ஒன்றை ஆர். சைமன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்; உலகத்து ஆய்வுக்கூடங்கள் அதை அவர் பெயராலேயே எடுத்தாள்கின்றன. சுண்ணக்கட்டிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கருவிக்கு. குளிர்பெட்டிக்குப் பின்லாந்தையும் இங்கிலாந்தையும் பார்க்கிறோம். நுண்ணலைக் கம்பி, இணைப்பான், பெருக்கி என்று ஒவ்வொன்றுக்கும் கப்பலைப் பார்க்கிறோம். கணிப்பொறிக்கு "இந்தியா"வின் பெயர் சூட்டலாம். உடம்பில் ஓடும் நரம்பெல்லாம் அயலூர் நரம்பாயிருந்தால் என்ன செய்வது? சில்லு விஷயத்தில் இவ்வூர் பட்ட அனுபவம் இதுதானே! 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே கடை விரித்தது முதல், உலகத்துச் சில்லுகளின் வரைபடத்தைப் பெங்களூர் மூளைகள் வரைந்தன, வார்த்தெடுத்தது தைவான்.

எனவேதான், 2024 நவம்பரில் தேசியத் திட்டம் ஆதரவுக்குத் தேர்ந்த எட்டு இளம் நிறுவனங்களின் பட்டியலில் என்னை மகிழ்வித்தவை கணிப்பொறிக் கம்பெனிகளல்ல. கடுங்குளிரில் வேலை செய்யும் கம்பியை ஆக்கும் பம்பாயின் டிமிரா; நுட்பமான லேசர் ஆக்கும் டெல்லியின் பிரெனிஷ்க்; ஒற்றை ஒளித்துகளை எண்ணும் கருவி செய்யும் இவ்வூர்க் குவான்டூடி. பெயர் மேடையேறாத பெயர்கள். ஆனால் எந்தக் கியூபிட் வகை வென்றாலும், எந்த நாடு வென்றாலும், கம்பியும் லேசரும் வேண்டியவையே. தங்கவேட்டைக் காலத்தில் மண்வெட்டி விற்றவன் நட்டப்படவில்லை.

இங்கேதான் நம் தமிழ்நாட்டின் பெயரை எடுக்க விரும்புகிறேன். இந்த வளாகத்திலிருந்து பேருந்து ஏறினால் ஓசூர் எவ்வளவு தூரம்? ஐம்பது கிலோமீட்டருக்குள். 1980களில் தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் கூடித் தொடங்கிய டைட்டன் கடிகார ஆலை, முடியிழை கனத்துக்குக் கடைசல் பிடிக்கும் ஒரு தலைமுறையையே அங்கே உருவாக்கியது. கோவையிலோ பம்பு செய்யாத தெரு இல்லை. வெற்றிடப் பம்பும் ஒரு பம்புதான். தாமிரத் தட்டில் நுண்துளை போடுவதும் கடைசல் வேலைதான். எசரகட்டாவின் ஆறு ஏக்கரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குப் பதிலாக, "அந்தக் கட்டடத்துக்குள் போகும் சாமானை நாங்கள் செய்து தருகிறோம்" என்று ஓசூரும் கோவையும் கேட்க வேண்டாமா? கர்நாடகத்தோடு போட்டியிட்டு இன்னொரு குவாண்டம் நகரம் கட்டச் சொல்லவில்லை. இங்குள்ள நகரத்துக்கு அங்கே பட்டறை என்கிறேன். காவிரி விஷயத்தில் கூடாத இரு மாநிலங்களும் குளிர்பெட்டி விஷயத்திலாவது கூடட்டுமே.

கோலாரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 1880 முதல் லண்டன் நகரத்து ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தோண்டியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன் அளவுக்குப் பொன் மேலே வந்தது. ஆதாயம் நெடுங்காலம் லண்டன் பங்குதாரருக்குப் போயிற்று. தோண்டியவர்க்கு நெஞ்சிலே கல்தூசு தங்கிற்று. அந்த ஆழத்திலேயே 1965இல், நம் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் கூடி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். உலகம் மெச்சிய ஆய்வு. கருவிகளை அந்த ஆழத்துக்கு இறக்கியதிலும், இருளிலே காவல் காத்ததிலும் தமிழ்க் கைகளும் இருந்திருக்கும். ஆய்வேட்டில் அவற்றுக்கு இடமில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள், நாடெங்கும் தேசிய விஞ்ஞான நாள் கொண்டாடிய அன்றே, சுரங்கம் மூடப்பட்டது. அங்கிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருவோர் கூட்டத்தை அதிகாலையில் நிலையத்துக்குப் போனால் பார்க்கலாம்.

குவாண்டம் சுரங்கத்திலே இறங்கப் போகிறவர்கள் யார்? நாம்தாம். ஆய்வு மாணவர்கள். இளநிலை ஆய்வாளர்க்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று மத்திய அரசு உயர்த்தியது. உயர்த்தியது நன்று. மாதந்தோறும் வந்தால் இன்னும் நன்று! எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வு மாணவர், வேறோர் ஊரில், மூன்று மாதம் பணம் வராமல் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சோறுண்டார். பகலிலே பல கோடி பெறுமானமுள்ள பெட்டிக்குக் காவல். இரவிலே பத்தாம் வகுப்புப் பையனுக்கு அல்ஜீப்ரா. என் விடுதி அறைத் தோழி பௌதிகத்தில் என்னினும் கெட்டிக்காரி. அவள் குவாண்டத்தை விட்டு, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேரக் கையொப்பமிட்டுவிட்டாள். வீட்டில் கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 6,003 கோடியில் அவளுக்கு ஒரு பிடிப்பு இல்லாமற் போனதே என்றுதான் வருந்துகிறேன். பெட்டியை விலைகொடுத்து வாங்கலாம். ஐந்தாண்டு அதன் அருகே உட்கார்ந்து, அதன் முனகல் கேட்டே நோய் சொல்லும் கையை எங்கே வாங்குவது? ஒப்பந்தம் எழுதும்போதே, ஆய்வு மாணவர் உதவித்தொகைக்குத் தனிக் கணக்கு ஒதுக்கி, மாதப் பிறப்பில் கொடுத்தே தீருவதென்று விதி செய்ய வேண்டும். பொதுப்பணம் பெறும் கம்பெனி எதுவாயினும், அதன் பங்கில் ஒரு சிறு பகுதியை ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர்க்கும், தொழில்நுட்பப் பணியாளர்க்கும் வைக்க வேண்டும். இது பேராசையன்று. கோலார்க்காரர்கள் கேட்டிருக்க வேண்டியதை நாம் கேட்கிறோம், அவ்வளவே.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று சிலர் கேட்கிறார்கள். ஆய்வுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், கடுங்குளிர் நுட்பத்துறையில், கியூபிட்டுக்கல்ல, பெட்டிக்கு. மாமாவிடம் ஒரு லட்சத்தை அஞ்சலகத்திலேயே வைத்திருக்கச் சொன்னேன். அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவருடைய மகன் ஈரோட்டில் பாலிடெக்னிக் படிக்கிறான். வெற்றிடப் பம்பும், ஹீலியம் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியும் பழகிக்கொள்ளச் சொல்லி அவனுக்குப் புத்தகம் இரண்டு வாங்கி அனுப்பினேன். அவன் அடுத்த மாத விடுமுறையில் இங்கே வருகிறான். ஆய்வுக்கூடம் ஒன்றில் குளிர்பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யும் நாளில் பார்வையிட அனுமதி கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு பேர் வரை வரலாம் என்கிறார்கள். வர விரும்பும் சங்கத் தோழர்கள் வெள்ளிக்கிழமைக்குள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.